பயந்தால்தான் படமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, குளுவாங் பட்டணத்தில் நண்பர் ஒருவர் இல்லத்தில் ஐந்தாறு பேர் கூடியிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி முடிவில் சினிமாவில் வந்து நின்றது. முந்தின நாள் ஒரு பேய்ப்படம் பார்த்துவிட்டு வந்திருந்த வாலிபர் ஒருவர், "அது படமே அல்ல, ஐயா! இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவையாவது உடம்பு சிலிர்க்கவில்லை. பயங்காட்டத் தெரியாதவர்களுக்குப் பேய்ப்படம் எதற்கு?" என்றார். அங்கிருந்த பெரியவர் ஒருவர், இளமை முதற்கொண்டே சீர்திருத்தக் கொள்கையில் ஊறியவர், "தம்பி, பயங்காட்டியிருந்தால் மட்டும் அது நல்ல படமாகிவிடுமோ? பேய் என்ற பெயர் இருந்தாலே அந்தப் படத்தைக் கொளுத்தவேண்டும்" என்று சினந்து கூறினார். தேநீர் ஆறிப்போகும் மட்டும் இருவரும் வாதாடினார்கள். ஒருவர் கூற்றை மற்றவர் ஒப்புக்கொள்ளவேயில்லை.

வீடு திரும்பும் வழியில் நமக்குத் தோன்றியது யாதெனில், எதிரெதிராக நின்று வாதாடிய அவ்விருவரும் உண்மையில் ஒரே கட்சியினர் என்பதே. இருவர் கையிலும் இருந்த அளவுகோல் ஒன்றுதான். வாலிபர், பயம் வராமையால் படத்தைத் தள்ளுகிறார். பெரியவர், பயம் வருமென்பதற்காகவே படத்தைத் தள்ளுகிறார். படம் என்ன சொல்லிற்று, யாருக்காகப் பரிந்து சொல்லிற்று, எதற்கு அஞ்சும்படி சொல்லிற்று என்று இருவருமே கேட்டாரில்லை. அந்த அளவுகோலையே முறித்தெறிய வேண்டுமென்று வாதிக்கவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். பேய்ப்படம் நல்லதாயிருப்பதற்குப் பயம் கட்டாயமன்று. பயம் இருப்பதனாலேயே அது கெட்டதாகிவிடுவதுமில்லை. படம் நம் பயத்தை எவ்விடத்தில் கொண்டுபோய் வைக்கிறது என்பதே அதன் யோக்கியதையைத் தீர்மானிக்கும்.

முதலில் வாலிபர் கட்சியை எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய வாதம் அற்பமானதன்று. "நகைச்சுவைப் படத்திற்குச் சென்றவன் சிரிக்காமல் திரும்பினால் படம் தோற்றது, சோகப்படத்திற்குச் சென்றவன் கண் கலங்காமல் திரும்பினால் படம் தோற்றது, அவ்வாறே பேய்ப்படத்திற்குச் சென்றவன் அஞ்சாமல் திரும்பினால் அதுவும் தோற்றதே" என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அச்சமூட்டவே முயன்று, கைத்திறன் இன்மையால் தவறிப்போன படம் கெட்ட படமென்பதில் நமக்கும் ஆக்ஷேபணை இல்லை. ஆனால் அங்கே குற்றம் கைத்திறன் இன்மையே. அதைக்கொண்டு, அச்சமூட்டுவதே பேய்ப்படத்தின் முடிவான பயன் என்று நாட்டிவிட முடியாது.

நமது தோட்டங்களில் எல்லாரும் அறிந்த ஒரு காரியத்தைக்கொண்டு இதை விளக்குவோம். பால்மரத்துப் பட்டையில் பால் ஓடும் குழாய்கள், உள்ளே மரத்தை ஒட்டினாற்போல் அமைந்திருக்கின்றன. கத்தி மேலோடு போனால் பால் வடியாது. ஆகையால் வெட்டு ஆழமாகத்தான் போகவேண்டும். ஆனால் ஒரு மயிரிழை அதிகமாகப் போனால் மரத்தில் காயம் விழும். பட்டை மறுபடி வளரும்போது முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு பல வருஷங்களுக்கு அவ்விடத்தில் ஒழுங்காக வெட்டவே இயலாது. இப்பொழுது கேட்கிறோம்: எந்தத் தோட்டத்திலாவது வெட்டின் ஆழத்தை அளந்து பால்வெட்டுக்காரருக்குச் சம்பளம் கொடுத்ததுண்டா? மங்கில் சேர்ந்த பாலை நிறுத்தல்லவா கணக்கெழுதுகிறோம்! பேய்ப்படத்தில் பயம் என்பது அந்தக் கத்தி. கத்தி வேண்டும், கூராகவும் இருக்கவேண்டும். ஆனால் "எவ்வளவு ஆழமாக வெட்டினான்!" என்று மட்டும் வியந்துவிட்டு, மங்கு காலியாயிருப்பதைப் பாராமல் போகிறவனை எந்தக் கணக்கப்பிள்ளையும் மெச்சமாட்டான்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். பயமே அளவு என்றால், பயம் தேய்ந்துபோன நாளில் படத்தின் கதி என்ன? இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. ஜொகூர்ப் பாலத்திற்கு அப்பால், சிங்கப்பூரில் இருந்த கேத்தே கிரிஸ் படக் கம்பெனியார், 1957-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் "பொந்தியானாக்" என்னும் மலாய்ப் படத்தை வெளியிட்டார்கள். மலாயா விடுதலை பெறுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன் நடந்த காரியம் அது. அதை இயக்கியவர் யாரென்று நம்மவரில் பலர் அறியார். 1939-ல் "ரம்பையின் காதல்", 1945-ல் "சாலிவாகனன்" ஆகிய தமிழ்ப் படங்களை இயக்கிய பி. என். ராவ் என்பவரே அவர். தமிழ்ப்பட அனுபவத்தோடு கடல் கடந்து வந்த ஓர் இந்தியர் கையால்தான் மலாய்ப் பேய்ப்படத்தின் பெரும்புகழ் தொடங்கிற்று. மரியா மெனாடோ என்னும் நடிகை பேயாக நடித்தார். படம் ஏறக்குறைய மூன்று மாத காலம் ஓடிற்று. மலாய்க்காரர் மட்டுமின்றிச் சீனரும் இந்தியரும் கூட்டங்கூட்டமாகச் சென்று பார்த்தனர்.

அப்படத்தின் கதையைச் சற்று கவனிக்கவேண்டும். சோமெல் என்பவள் கூனல் முதுகும் விகாரமான முகமுங் கொண்ட பெண். சிறு குழந்தையாகக் கைவிடப்பட்டு, ஒரு முதியவரால் வளர்க்கப்பட்டவள். ஊரார் அவளைக் கண்டாலே அருவருத்து ஒதுக்குகின்றனர். முதியவர் இறந்தபின், அவர் விட்டுச்சென்ற ஏட்டில் கண்ட மருந்தைச் செய்து குடித்து அவள் பேரழகியாகிறாள். ஆனால் ஒரு நிபந்தனை: இரத்தத்தின் சுவையை அவள் நாக்கு அறியலாகாது. அவளுக்கு மணமாகிறது, மகளும் பிறக்கிறாள். ஒரு நாள் கணவனைப் பாம்பு தீண்டிவிடுகிறது. அவன், விஷத்தை உறிஞ்சி எடுக்கும்படி அவளைக் கெஞ்சுகிறான். அவள் உறிஞ்சுகிறாள், கணவன் பிழைக்கிறான், அவள் பேயாகிறாள்.

வாசகர்களே, பேயாக மாறுவதற்கு முன் அவள் செய்த கடைசிக் காரியம் ஒரு மனிதனின் உயிரைக் காத்தது! அவளைக் குரூபி என்று துரத்திய ஊரும், அழகி என்று மணந்த ஊரும், முடிவில் ஆணி கொண்டு அவளைக் கொல்ல வந்த ஊரும் ஒரே ஊர்தான். இக்கதையில் அஞ்சத்தக்கது எது? அவளுடைய கோரைப்பல்லா, அல்லது அவ்வூராருடைய நெஞ்சா?

அந்த முதற்படத்தின் பிரதி இன்று காணக் கிடைக்கவில்லை. அதே இயக்குநர் 1958-ல் எடுத்த "சும்பா பொந்தியானாக்" எஞ்சியிருக்கிறது. இக்காலத்துப் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்டிப் பாருங்கள், பயப்படமாட்டார்கள். மரியா மெனாடோவின் ஒட்டுப் பல்லையும் விரிந்த கூந்தலையும் கண்டு சிரிப்பார்கள். வாலிபர் கட்சியின் கணக்குப்படி, 1958-ல் நல்லதாயிருந்த படம், ஒரு சட்டகமும் மாறாதிருக்க, இன்று கெட்டதாகிவிட்டது என்று சொல்லவேண்டும். இப்படியொரு கணக்கு உலகத்தில் உண்டா? 1931-ல் வெளிவந்த "பிராங்கன்ஸ்டைன்" என்னும் ஆங்கிலப் படத்தைக் கண்டு அக்காலத்தவர் நடுங்கினர் என்பர். இன்று அதைக் கண்டு நடுங்குவோர் அரியர். ஆயினும் தன்னை ஆக்கியவனே தன்னைத் தள்ளிவிட, போக்கிடமின்றி அலையும் அந்த உருவத்தைக் கண்டு இரங்காத மனிதர் இன்றுமிலர். பயம் உதிர்ந்த பிற்பாடு மிஞ்சி நிற்கும் அந்த இரக்கமே படத்தின் உயிர்.

இது வெளிநாட்டார் சொல்லித் தந்து நாம் கற்கவேண்டிய பாடமுமன்று. தமிழ் இலக்கியம் நெடுங்காலமாகப் பேயோடு பழகிய இலக்கியம். செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப் பரணியைப் பாருங்கள். போர்க்களத்திலே பேய்கள் கூடிக் கூழ் சமைக்கின்றன. பிணத்தின் பற்களும் யானையின் உறுப்புக்களும் சமையற் சாமான்களாகின்றன. அருவருக்கத்தக்க காட்சிதான். ஆனால் படிப்பவன் நடுங்குகிறானா? பார்ப்பனப் பேய் என்றும், சமணப் பேய் என்றும், புத்தப் பேய் என்றும் தனித்தனியாக வந்து கூழ் வாங்கும் இடத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறான். செத்தபின்னும் சாதியையும் மதத்தையும் விடாத பேய்களைக் காட்டிய புலவரை, "பயம் காட்டத் தெரியாதவர்" என்று எந்த ரசிகன் தள்ளுவான்?

மணிமேகலையில் வேறொரு வகை. சார்ங்கலன் என்னும் சிறுவன் புகார் நகரத்துச் சுடுகாட்டினுள் தனியே புகுந்து, பேய் கூத்தாடுவதைக் கண்டு, தாயிடம் ஓடிவந்து சொல்லி அச்சத்தாலேயே உயிர் விடுகிறான். அந்த இடம் உண்மையில் அச்சந் தரும் இடமே. ஆனால் சாத்தனார் அவ்வளவில் நிற்கவில்லை. தாய் கோதமை ஊர்த் தெய்வத்திடம் சென்று, "என் உயிரை எடுத்துக்கொண்டு மகன் உயிரைத் தா" என்று கதறுகிறாள். போன உயிரை மீட்கும் வல்லமை எத்தெய்வத்திற்கும் இல்லையென்று அத்தெய்வமே ஒப்புக்கொள்கிறது. பேயைக் காட்டிப் பயமுறுத்தித் தெய்வத்தின் காலில் கொண்டுபோய்த் தள்ளுவது இக்காலப் படங்களின் வழி. பேயைக் காட்டித் தெய்வத்தின் இயலாமையைச் சொன்னது அக்காலத் தமிழ்ப் புலவரின் துணிவு.

தொல்காப்பியரோ அச்சத்தை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் இடங்களை நான்காக வகுத்தார். பேயும் தெய்வமும் போன்ற மேற்பட்ட சக்தி ஒன்று, கொடிய விலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, நான்காவது, தமக்கு மேல் அதிகாரம் செலுத்தும் அரசன். பேயையும் அரசனையும் ஒரே வரிசையில் நிறுத்திய அந்த நுட்பத்தை எண்ணிப் பாருங்கள்! நமது படக்காரர்கள் முதலாவதை மாத்திரம் பிடித்துக்கொண்டு நான்காவதை மறந்தார்கள். நாமும் மறந்தோம். ஆகவேதான், அதிகாரத்தைக் கண்டு அஞ்சியவனைக் கோழை என்கிறோம். இல்லாத பேயைக் கண்டு நன்றாக அஞ்சவைத்தவனைக் கலைஞன் என்கிறோம்.

ஜப்பான் தேசத்தில் மிசோகுச்சி என்பவர் 1953-ல் எடுத்த "உகெட்சு" என்னும் படம் இருக்கிறது. வெனிஸ் நகரத்துத் திரைப்பட விழாவில் வெள்ளிச் சிங்கப் பரிசு பெற்றது. யுத்த காலத்தில் பணத்தாசை கொண்டு மனைவியையும் குழந்தையையும் விட்டுப்போன ஒரு குயவன், நெடுநாள் கழித்து வீடு திரும்புகிறான். மனைவி அடுப்பு மூட்டி உணவு கொடுக்கிறாள்; அவன் உறங்கும்போது அவன் உடையைத் தைத்துக்கொண்டு விழித்திருக்கிறாள். பொழுது விடிந்தபின்தான், அவள் முன்னரே போர்வீரர் கையால் மாண்டவள் என்று அவன் அறிகிறான். அலறல் இல்லை, திடீரென்று முன்னே பாயும் கோர முகம் இல்லை. ஆயினும் அந்தப் பேய் தைத்த துணியை மறக்க யாரால் முடியும்? பயங்காட்டாத பேய்ப்படம் படமல்ல என்பவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்வார்கள்?

இதுகாறும் சொன்னது கலையைப் பற்றிய வாதம். இவ்வளவோடு நின்றுவிட்டால், ஓய்வு நேரத்தில் தேநீர் அருந்திக்கொண்டு பேசத்தக்க ஒரு விஷயமாகவே இது முடிந்துவிடும். ஆனால் எமக்கு இது வெறும் ருசி பேதமன்று. காரணத்தைச் சொல்லக் கூச்சமாயிருப்பினும் சொல்லியே தீரவேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் தோட்டத்தில், எஞ்சியிருக்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகப் பொது மண்டபத்தில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டினோம். படத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. பிள்ளைகள் பேய்ப்படம் கேட்டார்கள். எது மிகவும் பயங்கரமானது என்று நாலு பேரிடம் விசாரித்து அதையே போட்டேன். அதன் பெயர் இங்கு வேண்டுவதில்லை. ஒரு பெண்ணைப் பேய் பிடிக்கிறது. டாக்டர்கள் வந்து கைவிரித்துவிடுகிறார்கள். முடிவில் மந்திரவாதி ஒருவர் வந்து அவளை அடித்தும் புகை போட்டும் பேயை விரட்டுகிறார். மண்டபம் முழுவதும் அலறிற்று. தாய்மார்கள் குழந்தைகளின் கண்ணைப் பொத்தினார்கள். மறுநாள் லயங்களில் எல்லாரும், "கிராணி ஐயா நல்ல படமாகப் போட்டார்" என்று புகழ்ந்தார்கள். நானும் மகிழ்ந்தேன். குளுவாங்கு வாலிபரின் அளவுகோலுக்கு அதைவிட உயர்ந்த படம் கிடைக்காது.

நாலைந்து மாதங்கள் சென்றன. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், பதினைந்து வயது, ஒரு மாலை வாசலிலே விழுந்து கைகால் உதறிப் பல்லைக் கடித்தாள். மறுநாளும் அவ்வாறே. "காத்துக் கருப்பு" என்றார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். வேப்பிலை அடி மூன்று இரவு, புகை மூன்று இரவு, உள்ளங்கையில் கற்பூரம். எனக்குச் செய்தி எட்டி நான் போய்ச் சேர்ந்தபோது பதினோரு நாள் ஆகியிருந்தது. "ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை?" என்று தகப்பனாரைக் கேட்டேன். அவர் என்மீது கோபங்கொள்ளவில்லை, மிகவும் மரியாதையாகவே, "ஐயா, அன்றைக்கு நீங்கள் காட்டிய படத்திலும் டாக்டர்களால் ஒன்றும் முடியவில்லையே? மந்திரம் தெரிந்தவர்தானே கடைசியில் காப்பாற்றினார்?" என்றார்.

அவளுக்கு வந்தது வலிப்பு நோய். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், நோய் அடங்கிற்று. இன்று அவள் ஒரு பட்டணத்துக் கடையில் வேலை பார்க்கிறாள். உள்ளங்கையில் வடு மட்டும் இருக்கிறது.

அந்த மூடநம்பிக்கையை நான் காட்டிய படம்தான் உண்டாக்கிற்று என்று நான் சொல்லவில்லை. நம் முன்னோர் கப்பலேறி வந்தபோதே அது அவர்களுடன் வந்தது. ஆனால் தயங்கி நின்ற ஒரு தகப்பனாருக்குப் படம் சாட்சி சொல்லிற்று, பொய்ச்சாட்சி சொல்லிற்று. அது நன்றாகப் பயமுறுத்திய படமாதலால் அந்தச் சாட்சியம் நன்றாகவே எடுபட்டது. பயம் ஆழமாகப் போயிற்று. ஆனால் கத்தி மரத்தில் இறங்கிவிட்டது. "நன்றாகப் பயந்தோம், ஆகவே நல்ல படம்" என்று சொல்லும் அன்பர்களிடம் அந்த உள்ளங்கையைக் காட்ட விரும்புகிறேன்.

"இதைத்தானே நான் அன்றே சொன்னேன்? எல்லாவற்றையும் கொளுத்து!" என்று பெரியவர் இப்பொழுது குறுக்கிடுவார். அவரிடம் நமக்கு மிகுந்த மரியாதை உண்டு. 1929-லும் 1954-லும் பெரியார் இந்நாட்டுக்கு வந்து விதைத்த விதையைக் காத்து வளர்த்தவர்கள் அவரைப் போன்றவர்களே. எனினும் இவ்விஷயத்தில் அவருக்கும் பதில் கூறவேண்டியிருக்கிறது. பேய் இல்லை, ஆனால் பயம் இருக்கிறது. பேயைப் பற்றிய கதைகளைக் கொளுத்திவிட்டால் பயம் எரிந்துபோகாது. அது சொல்லப்படாமல் நெஞ்சுக்குள்ளே கிடந்து, முதலில் வந்த மந்திரவாதியின் கைக்குப் போய்ச் சேரும். பகுத்தறிவுடையோர் பேய்க்கதை சொல்லாமல் விட்டால், பகுத்தறிவில்லாதவர்கள்தான் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அன்றியும், பேய்ப்பட வேடத்திலேயே நல்ல காரியம் செய்த படங்கள் இல்லாமலில்லை. 1993-ல் மலையாளத்தில் பாசில் இயக்கிய "மணிச்சித்திரத்தாழ்" 2005-ல் "சந்திரமுகி" என்று தமிழில் வந்து, சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கு மேல் ஓடிற்று. பேய் பிடித்ததாக எல்லாரும் நம்பிய பெண்ணுக்கு வந்தது மனநோய் என்று அப்படத்தில் ஒரு மருத்துவர் சொல்கிறார். அதிலும் பூசையும் மந்திரமும் ஓரளவு கலந்தேயிருந்தன. அது அதன் குறை. ஆயினும், "நோய்" என்னும் சொல்லை அத்தனை இலட்சம் பேர் காதில் போட்டது எந்தத் துண்டுப் பிரசுரம்?

2011-ல் வந்த ராகவா லாரன்ஸின் "காஞ்சனா" இன்னொன்று. அதைப் பார்த்தவர்கள் பயந்ததைக் காட்டிலும் சிரித்ததே அதிகம். கூச்சலும் கூத்தும் மிகுதி. பழிக்குப் பழி என்பதைத் தவிர வேறு நீதியும் அதற்குத் தெரியாது. இருந்தும் அதன் நடுவே ஒரு திருநங்கையின் கதை இருக்கிறது. பெற்றோரால் துரத்தப்பட்டவள், தன்னைப் போன்ற இன்னொருத்தியை வளர்த்து டாக்டருக்குப் படிக்க வைக்கிறாள்; ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட நிலம் வைத்திருக்கிறாள். அந்த நிலத்துக்காக ஓர் அரசியல்வாதி அவளைக் கொல்லுகிறான். சரத்குமார் அவ்வேடத்தில் நின்ற சிறிது நேரத்தில், நம் தோட்டத்து மண்டபங்களில் திருநங்கை என்றாலே எள்ளி நகைத்தவர்கள் வாய் மூடியிருந்ததைக் கண்ணாரக் கண்டோம். பயம் குறைந்த அப்படம், பயம் மிகுந்த நூறு படங்கள் செய்யாத வேலையைச் செய்தது.

நமது நாட்டிலேயே அமாண்டா நெல் யூ என்னும் பெண்மணி 2023-ல் எடுத்த "டைகர் ஸ்ட்ரைப்ஸ்" என்ற மலாய்ப் படம், பிரெஞ்சு தேசத்துக் கான் நகரில் விமர்சகர் வாரத்தின் தலையாய பரிசைப் பெற்றது. பன்னிரண்டு வயதுப் பெண் பூப்படைகிறாள். தோழிகள் அவளைத் தீட்டென்று ஒதுக்குகிறார்கள். அவள் உடம்பு மெல்ல மெல்லப் புலியாக மாறுகிறது. பேயோட்ட வரும் எத்தனையும் அப்படம் கேலி செய்கிறது. அதைக் கண்டு யாரும் இருட்டில் தனியே போக அஞ்சமாட்டார்கள். ஆனால் மகளைப் பெற்றவர்கள், நாம் நம் வீட்டில் என்ன செய்கிறோம் என்று அஞ்சுவார்கள். நம் நாட்டுத் தணிக்கையார் அதில் வெட்டிய பிரதியே இங்குத் திரைக்கு வந்தது. அப்பிரதியைத் தன் படமென்று ஏற்க இயக்குநர் மறுத்தார். கோரப்பல்லைக் காட்டும் படங்கள் வருஷந்தோறும் தாராளமாக வருகின்றன. ஒரு சிறுமியின் உண்மையான துன்பத்தைக் காட்டிய படத்திற்கோ கத்தரி! அதிகாரத்திலுள்ளோர் எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதை இதனால் அறியலாம்.

பொந்தியானாக்கிடமே மீண்டும் வருவோம். பிரசவத்தில் இறந்தவளே பொந்தியானாக் ஆகிறாள் என்பது மலாய் மக்களின் பழைய நம்பிக்கை. அவள் பிடரியில் ஆணி அறைந்தால் அடங்கி, அழகிய மனைவியாக வீட்டில் இருப்பாள் என்பார்கள். ஏன் அப்படியொரு கதை தோன்றிற்று? பிரசவத்தில் பெண்கள் உண்மையாகவே செத்துக்கொண்டிருந்தார்கள் என்பதனாலேயே. விடுதலைக்கு முந்திய மலாயாவில், 1 லட்சம் பிறப்புக்குப் பல நூறு தாய்மார்கள் உயிர் துறந்தனர். உதிரப்போக்கும், பிரசவ ஜன்னியும், வலிப்பும் அவர்களைக் கொன்றன. பின்னாளில் அம்மரணங்கள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைந்தன. அவற்றை அடக்கியது ஆணியன்று. பயிற்சி பெற்ற மருத்துவச்சியும், கிராமத்துச் சுகாதார நிலையமும், நேரத்தில் ஏற்றிய இரத்தமும் அடக்கின. செத்தவளைக் கண்டு பயந்திருந்த காலமெல்லாம் பெண்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். சாவைக் கண்டு பயந்தபோதுதான் பிழைத்தார்கள். பயத்தை இடம் மாற்றி வைப்பது எவ்வளவு பெரிய காரியமென்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நம்மவருக்கு அஞ்சத்தக்க உண்மைகள் குறைவா? 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த சயாம் - பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர் நீளம். அதைப் போட ஜப்பானியர் நம் தோட்டங்களிலிருந்து தமிழரை ஆயிரமாயிரமாக ஏற்றிச் சென்றனர், திரும்பாதவர் ஆயிரமாயிரம். 1950-களிலும் 1960-களிலும் வெள்ளைக்காரர் தோட்டங்களை விற்றுத் துண்டாடியபோது, தலைமுறை தலைமுறையாக இருந்த லயத்தை விட்டு வெளியேறும்படி வந்த கடிதம் எந்தப் பேயைக்காட்டிலும் குறைந்தது? அந்த அச்சத்திற்கு மாற்றாகத்தானே 1960-ல் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் கைக்காசைச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்? ஆலமரத்துப் பேயைக் காட்டி அலறவைக்கும் நமது கலைஞர்கள், சயாமுக்குப் போய்த் திரும்பாதவன் ஒருவன் ஓர் இரவு தன் லயத்துக்கு வந்து கதவைத் தட்டுவதாக ஒரு கதை எடுக்கலாகாதா? அதில் யாரும் அலறவேண்டாம். வாசலில் நிற்பவனுக்குக் கஞ்சி ஊற்ற ஆளில்லை, லயமே இல்லை, செம்பனை நட்டாயிற்று என்று காட்டினால் போதும்.

ஆகையால் வாலிப நண்பர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். பேய்ப்படம் பாருங்கள்; வேண்டாமென்று தடுக்க நாம் வரவில்லை. ஆனால் கொட்டகையை விட்டு வெளியே வந்ததும், "பயந்தாயா?" என்று ஒருவரையொருவர் கேட்பதை விட்டு, வேறு மூன்று கேள்விகள் கேளுங்கள். பேயாக வந்தது யார், அவளைப் பேயாக்கியது யார்? படம் முடியும்போது யாரை நம்பச் சொல்லிற்று, மருத்துவரையா மந்திரவாதியையா? பயம் தெளிந்தபின் நெஞ்சில் என்ன மிஞ்சிற்று? இம்மூன்றுக்கும் தக்க விடை கூறும் படம், மயிர்க்கூச்செறியச் செய்யாவிட்டாலும் நல்ல படமே. கூறாத படம், கொட்டகையே மயங்கி விழும்படி செய்தாலும் கெட்ட படமே. பெரியவருக்கும் இதையே விண்ணப்பம் செய்துகொள்கிறோம்: கொளுத்துமுன் கேளுங்கள்.

முடிவாக ஒன்று. தமிழ்நாட்டுப் பாதையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைப் பலர் கண்டிருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருபவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறலாம். கருவுற்ற பெண் பிரசவம் ஆகாமலே இறந்துபோனால், இறக்கி வைக்கப்படாத அவள் சுமையை நினைந்து அந்தக் கல்லை நடுவது நம் முன்னோர் வழக்கம். அவர்களும் அத்தகைய சாவைக் கண்டு அஞ்சாதவர்கள் அல்லர். ஆனால் அந்த அச்சத்தைக்கொண்டு, வழிப்போக்கர் தோளுக்கு உதவும் ஒரு பொருளைச் செய்து வைத்தார்கள். ஒரே மரணத்திற்கு ஆணியும் செய்யலாம், கல்லும் நடலாம். நமது படக்காரர்கள் இதுவரை ஆணிகளை வேண்டிய மட்டும் அடித்துவிட்டார்கள். இனிமேல் கல் நடுவோர் யார் என்று பார்ப்போம்.